மதுரைச் சமவெளித் தேன்சிட்டுகள்: இறகமைப்பால் இனம் அறிதலும் பெயர்ச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் ஊதாப் பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு என மூவகைத் தேன்சிட்டுகள் வாழ்கின்றன. இவற்றின் பெயர்கள் பளபளக்கும் ஊதா நிறத்தை முதன்மை அடையாளமாக முன்னிறுத்துகின்றன. ஆனால் கள நோக்கில் மிகுந்த பிழைக்கு இடம் தருவது அந்நிறமே. ஒளியின் திசைக்கேற்ப மாறும் மினுக்கத்தை விடுத்து, அலகின் அளவு, மினுக்கமற்ற நிறங்களின் எல்லை, தொண்டை நிறம், புருவக்கோடு ஆகியவற்றைக் கொண்டு இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பறவைப் பெயரிடலுக்கு இதனால் கிடைக்கும் பாடத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தேன்சிட்டு, இறகமைப்பு, கட்டமைப்பு நிறம், மதுரை, பறவைப் பெயர்கள்

1. முன்னுரை

வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியிலும் இட்லிப்பூச் செடியிலும், சாலையோர முருங்கையிலும் வாழைத்தார் நுனியிலும் நாள்தோறும் காணக்கூடிய பறவை தேன்சிட்டு. மதுரையில் வண்டியூர்க் கண்மாய்க் கரை, சமணர் மலை அடிவாரம், நாகமலைச் சரிவு போன்ற இடங்களில் இதனைக் காண்பதற்குத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை. எளிதில் காணப்படும் பறவை எளிதில் இனம் காணப்படும் என்று கருதுவது இயல்பு. தேன்சிட்டுகளைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்துவதில்லை. ஒரே மரத்தில் அடுத்தடுத்து வந்தமரும் இரு தேன்சிட்டுகள் வெவ்வேறு இனங்களாக இருக்கலாம். முற்றிலும் வேறாகத் தோன்றும் இரண்டு, ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாக இருக்கலாம்.

இனம் அறிதல் இன்று பறவை ஆர்வலரின் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதன்று. 2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் பங்கேற்று, தாம் கண்டவற்றை ஈபேர்டு தரவுத்தளத்தில் பதிகின்றனர். ஓர் இடத்தின் உயிரினவளத்தைப் பற்றிப் பேச வேண்டிய தருணத்தில் இத்தகைய பட்டியல்கள் சான்றாக எடுத்துவைக்கப்படுகின்றன. ஆகவே, பட்டியலில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் சரியாக இருத்தல் வேண்டும்.

2. ‘சிட்டு’ என்னும் பெயரின் பரப்பு

தமிழில் ‘சிட்டு’ என்பது உறவுமுறையைக் குறிக்கும் சொல்லன்று. உருவச் சிறுமையைக் குறிக்கும் சொல். சிட்டுக்குருவி, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, கருஞ்சிட்டு, தேன்சிட்டு ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு பறவைக் குடும்பங்களைச் சேர்ந்தவை. தேன்சிட்டுகள் நெக்டாரினிடே என்னும் குடும்பத்தின. ஊடகங்களில் சில வேளைகளில் இவை ‘ஹம்மிங் பறவை’ எனக் குறிக்கப்படுகின்றன. இது பிழை. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்பவை. தேனுண்ணும் வாழ்க்கைமுறை ஒத்திருப்பதால் இருசாராரும் சிற்றுடலும் கூரிய அலகும் பெற்றனர். நெருங்கிய உறவு அவற்றிடையே இல்லை. ஹம்மிங் பறவை காற்றில் நிலைகொண்டு தேன் பருகும். தேன்சிட்டோ சிறிது நேரம் அவ்வாறு நிற்க வல்லதாயினும் பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே பருகும்.

மதுரைச் சமவெளியின் மூன்று இனங்களுள் இரண்டு, லின்னேயஸ் 1766இல் வெளியிட்ட நூற்பதிப்பில் அறிவியல் பெயர் பெற்றன. அவை ஊதாப் பிட்டத் தேன்சிட்டும் (லெப்டோகோமா சீலோனிக்கா) லோட்டன் தேன்சிட்டும் (சின்னிரிஸ் லோட்டேனியஸ்) ஆகும். ஊதாத் தேன்சிட்டுக்கு (சின்னிரிஸ் ஏசியாட்டிகஸ்) 1790இல் லேதம் பெயரிட்டார். ‘லோட்டன்’ என்பது 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த ஜோன் கிடியோன் லோட்டனின் பெயர்.

3. மினுங்கும் நிறமும் நிலைத்த நிறமும்

தேன்சிட்டின் இறகுகளில் இருவகை நிறங்கள் உள்ளன. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இனம் அறிதலின் பெரும்பகுதி எளிதாகிவிடும்.

முதல் வகை நிறமியால் அமைவது. வயிற்றின் மஞ்சள், உணவின் வழியே பெறப்படும் கரோட்டினாய்டு நிறமிகளால் உண்டாவது. பழுப்பும் கருமையும் மெலனின் நிறமியால் அமைபவை. பறவை எப்பக்கம் திரும்பினாலும் இந்நிறங்கள் பெரிதும் மாறுவதில்லை.

இரண்டாம் வகை கட்டமைப்பு நிறம். இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் துகள்கள் சீரான அடுக்குகளாக அமைந்துள்ளன. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளுள் சில ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன; சில ஒன்றையொன்று அழிக்கின்றன. எஞ்சி நம் கண்ணை அடைவதே பளபளக்கும் ஊதாவும் பச்சையும் நீலமும். சோப்புக் குமிழியின் மேல் தோன்றும் வண்ணம் இதற்கு எளிய ஒப்புமை. ஒளி படும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஒளி பின்புறமிருந்து வந்தாலும், வானம் மேகமூட்டமாக இருந்தாலும் அவ்விறகு வெறும் கருமையாகவே தோன்றும்.

மதுரையின் நண்பகல் வெயில் நேர் மேலிருந்து விழுவது. அந்நேரத்தில் மரத்தின் உச்சியில் அமர்ந்துள்ள தேன்சிட்டைக் கீழிருந்து நோக்குபவர், அதன் நிழல் பக்கத்தையே காண்கிறார். ஊதாவென நூலில் படித்த பறவை கறுப்பாகத் தெரிகிறது. காலை வேளையில், ஞாயிறு நோக்குபவரின் முதுகுப்புறம் இருக்கும்போது, அதே பறவை பச்சையாகவும் நீலமாகவும் மாறிமாறி ஒளிர்கிறது. இரண்டும் உண்மைத் தோற்றங்களே. ஆனால் இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்வது முறையன்று.

பறவைகள் புறஊதா ஒளியையும் காண வல்லவை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நீலப் பட்டாணிக்குருவியின் உச்சந்தலை புறஊதா ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதையும், மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் ஆணும் பெண்ணும் அவ்வொளியில் வேறுபடுவதையும் 1998இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே, நாம் வகுக்கும் அடையாளங்கள் நம் கண்ணுக்கு எட்டுபவை மட்டுமே. பறவைகள் தம்முள் காணும் தோற்றம் வேறாக இருக்கலாம்.

4. ஆண் பறவைகள்

மூன்று இனங்களின் ஆண்களிடமும் ஊதா மினுக்கம் உண்டு. அதனால் மினுக்கம் வேறுபடுத்த உதவாது. வயிற்றின் நிறத்திலிருந்து தொடங்குவது பயன்தரும்.

ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு தெளிவான மஞ்சள். விலாப்புறமும் வாலடியும் வெண்மை சார்ந்தவை. முதுகும் மார்புப் பட்டையும் அடர்ந்த அரக்குச் சிவப்பு. உச்சந்தலையிலும் தோளிலும் பச்சை மினுக்கம் உண்டு. தொண்டையிலும் பிட்டத்திலும் ஊதா மினுக்கம் உண்டு. பெயருக்குக் காரணமான பிட்டம், அமர்ந்திருக்கும்போது மடிந்த இறக்கைகளுக்கு அடியில் பெரும்பாலும் மறைந்துவிடும். மஞ்சள் வயிறும், மேலே கருமையும் மஞ்சளும் சந்திக்கும் கூரிய எல்லையும் தொலைவிலிருந்தே தெரியும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் தலை முதல் வயிறு வரை நீலம் தோய்ந்த கருமையாக இருக்கும். இறக்கை அடர்பழுப்பு. மார்பில் மெல்லிய அரக்கு நிறக் கோடு சில வேளைகளில் புலப்படும். இறக்கைக்கு அடியில் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த இறகுக் கொத்துகள் உண்டு. இணையைக் கவர இறக்கையை உயர்த்தும்போதே அவை வெளிப்படும்.

லோட்டன் தேன்சிட்டின் ஆணும் முதல் பார்வையில் கருமையாகவே தோன்றும். ஆனால் அதன் மார்பின் குறுக்கே அரக்கு நிறப் பட்டை உண்டு. அப்பட்டைக்குக் கீழே வயிறு மினுக்கமற்ற புகைப்பழுப்பு. மேலே மின்னும் கருமை, நடுவே அரக்குப் பட்டை, கீழே மங்கிய பழுப்பு என்னும் மூன்று அடுக்கு ஊதாத் தேன்சிட்டிடம் இவ்வாறு தெளிவாக அமைவதில்லை. இவை அனைத்தினும் உறுதியான அடையாளம் அலகு. லோட்டன் தேன்சிட்டின் அலகு தலையின் நீளத்தினும் தெளிவாக நீண்டு அரிவாள்போல் வளைந்திருக்கும். மற்ற இரண்டின் அலகும் வளைந்தவையே; எனினும் குட்டையானவை.

5. பெண் பறவைகள்

பெண் பறவைகளிடம் மினுக்கம் இல்லாததால் அவற்றை இனம் காண இயலாது என்பது பரவலான எண்ணம். மினுக்கம் இல்லாமை உண்மையில் ஒரு நன்மை. பெண் பறவையின் நிறங்கள் நிறமியால் அமைந்தவை. ஒளியால் பெரிதும் ஏமாற்றாதவை.

ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டை வெளிர்சாம்பல் கலந்த வெண்மை, மார்பு மஞ்சள். தொண்டையின் வெண்மை முடிந்து மார்பின் மஞ்சள் தொடங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படும். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்கு இப்பிரிவு இல்லை. தாடை முதல் மார்பு வரை ஒரே மஞ்சள் சாயல் தொடரும். அதன் கண்ணுக்கு மேலே வெளிர் புருவக்கோடும், கண்ணையொட்டி அடர்ந்த கோடும் உண்டு. லோட்டன் தேன்சிட்டின் பெண்ணுக்கும் கீழ்ப்புறம் மங்கிய மஞ்சளே. ஆயினும் தெளிந்த புருவக்கோடு இல்லை. நீண்டு வளைந்த அலகு ஆணைப் போலவே பெண்ணுக்கும் உண்டு.

பெண் பறவையை நோக்கும்போது ‘தொண்டை வெண்மையா, மஞ்சளா? புருவக்கோடு உண்டா, இல்லையா? அலகு எவ்வளவு நீளம்?’ என்னும் மூன்று வினாக்களைக் கேட்டால் போதுமானது. இவ்வினாக்களுக்கு விடை கிடைக்குமாயின் ஒளிப்படம் இல்லாமலேயே இனத்தைக் கூறலாம்.

6. பருவத்தால் மாறும் தோற்றம்

ஊதாத் தேன்சிட்டின் ஆண் ஆண்டு முழுவதும் கருமையாக இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்தபின் இறகுதிர்த்து, பொதுவாகச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பெண்ணை ஒத்த மஞ்சள் தோற்றம் பெறும். அப்போதும் இரு அடையாளங்கள் அதன் ஆண்மையைக் காட்டும். தாடையிலிருந்து மார்பு வழியாக வயிற்றை நோக்கி நீலக்கருமையான கோடு ஒன்று இறங்கும். இறக்கையும் பெண்ணின் இறக்கையினும் அடர்ந்து தோன்றும்.

இக்காலம் மதுரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தோடு ஒத்துவருகிறது. அதனால் மழைக்காலத்தில் ‘கழுத்துப்பட்டை அணிந்தது போன்ற மஞ்சள் குருவி’ ஒன்றைப் புதிய இனமாகக் கருதும் குழப்பம் நேர வாய்ப்புண்டு. பொங்கலை ஒட்டிய நாள்களில் இக்குழப்பம் இன்னும் கூடும். கரிய இறகுகள் திட்டுத்திட்டாக முளைத்த, பாதி மஞ்சளும் பாதி கருமையுமான ஆண்களை அக்காலத்தில் காணலாம். இளம் ஆண்களும் இத்தகைய இடைநிலைத் தோற்றம் கொள்ளும். எனவே கோடுடைய மஞ்சள் பறவையைக் கண்டவுடன் ஊதாத் தேன்சிட்டு என எழுதாமல், அலகின் நீளத்தையும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் ஆணிடம் இத்தகைய பருவ மாற்றம் இல்லை. அதன் அரக்குப் பட்டையும் மஞ்சள் வயிறும் ஆண்டு முழுவதும் நிலைத்திருக்கும்.

7. மயக்கம் தரும் பிற பறவைகள்

சமவெளியில் தேன்சிட்டோடு மயங்கக்கூடிய பறவைகளுள் முதன்மையானது வெளிரலகுப் பூங்கொத்தி. புல்லுருவி படர்ந்த மரங்களில் அதன் பழங்களை உண்ண வரும் இச்சிறு பறவை மங்கிய சாம்பற்பசுமை நிறமுடையது; அலகு குட்டையானது, ஊன் நிறமுடையது. தேன்சிட்டின் அலகு எப்போதும் கருமையானது, மெலிந்து வளைந்தது. மாம்பழச்சிட்டும் மஞ்சள் நிறத்தால் மயக்கம் தரலாம். ஆனால் அதன் இறக்கையில் வெண்பட்டைகள் உண்டு, அலகு நேரானது.

மற்றொன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிறு தேன்சிட்டு. ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் ஆணை ஒத்திருந்தாலும் உருவில் அதனினும் சிறியது. முதுகின் செம்மை மிகுந்தது. அது ஈரமலைக் காடுகளின் பறவை. மதுரைச் சமவெளியில் அதனைக் கண்டதாகப் பதிவதற்கு முன், ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் முதுகு வெயிலில் சிவந்து தோன்றியதா என்பதை ஆராய வேண்டும். இங்கு வாழிடமும் ஓர் அடையாளமாகிறது.

8. கள அடையாள வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, களத்தில் பின்பற்றத்தக்க வரிசை ஒன்று இங்குத் தரப்படுகிறது. மினுக்கத்தின் நிறம் இவ்வரிசையில் எங்கும் இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது.

1. அலகு தலையினும் தெளிவாக நீண்டு வலுவாக வளைந்துள்ளதா? ஆமெனில், ஆணாயினும் பெண்ணாயினும் லோட்டன் தேன்சிட்டு. இல்லையெனில் அடுத்த வினாவுக்குச் செல்க.

2. மேற்புறமும் தொண்டையும் அடர்ந்து, வயிறு மட்டும் மஞ்சளாகவும் மார்பில் அரக்குப் பட்டையோடும் உள்ளதா? ஆமெனில் ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் ஆண்.

3. உடல் முழுவதும் கருமையா? ஆமெனில் ஊதாத் தேன்சிட்டின் ஆண்.

4. மஞ்சள் உடலின் நடுவே கரிய கோடு இறங்குகிறதா? ஆமெனில் ஊதாத் தேன்சிட்டின் இனப்பெருக்கமற்ற கால ஆண் அல்லது இளம் ஆண்.

5. தொண்டை வெண்மையாகவும் மார்பு மஞ்சளாகவும் உள்ளனவா? ஆமெனில் ஊதாப் பிட்டத் தேன்சிட்டின் பெண்.

6. தொண்டையும் மார்பும் ஒரே மஞ்சளாகி, வெளிர் புருவக்கோடும் உண்டா? ஆமெனில் ஊதாத் தேன்சிட்டின் பெண்.

எந்த வினாவுக்கும் உறுதியான விடை கிடைக்காதபோது ‘தேன்சிட்டு, இனம் உறுதியில்லை’ எனப் பதிவதே நேர்மை. ஈபேர்டு தரவுத்தளத்தில் அத்தகைய பதிவுக்கு இடமுண்டு.

9. பெயரும் பதிவும்

நிறத்தின் பளபளப்பை முதன்மை அடையாளமாகக் கொண்டதால் நேர்ந்த குழப்பம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் சதுப்புப் பட்டாணிக்குருவியும் வில்லோ பட்டாணிக்குருவியும் நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டன. 1897இல்தான் அருங்காட்சியகத்தில் இருந்த பதப்படுத்திய உடல்களிடையே இரண்டாம் இனம் அங்கு இருப்பதை ஜெர்மானியப் பறவையியலாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின் கரிய உச்சந்தலை பளபளப்பதா, மங்கியதா என்பது முக்கிய வேறுபாடாகக் கற்பிக்கப்பட்டது. குரலும், சதுப்புப் பட்டாணிக்குருவியின் மேலலகில் அமைந்த சிறு வெளிர் புள்ளியும் அதனினும் நம்பத்தக்கவை என்பது பின்னர் உணரப்பட்டது. பளபளப்பை விட்டு நிலைத்த உறுப்புக்குத் திரும்பிய அப்பாதையே தேன்சிட்டுக்கும் பொருந்துகிறது.

தமிழ் மரபுப் பெயர்களை நோக்கினால், அவை பெரும்பாலும் நிலைத்த பண்பைப் பற்றிக்கொண்டவை என்பது புலனாகும். வாலாட்டி செயலால் பெயர் பெற்றது; மரங்கொத்தியும் அவ்வாறே. தேன்சிட்டு உணவால் பெயர் பெற்றது. ‘ஊதாத் தேன்சிட்டு’, ‘ஊதாப் பிட்டத் தேன்சிட்டு’ என்பன ஆங்கிலப் பெயர்களின் நேர் மொழிபெயர்ப்புகள். அவற்றுள் ஒன்று மாறும் நிறத்தையும், மற்றொன்று மறையும் உறுப்பையும் சுட்டுகின்றன. பள்ளி மாணவர் ஒருவர் பெயரை நம்பி ஊதாவைத் தேடினால், பெண் பறவையை அறவே காணாதவராகவும் ஆண் பறவையைத் தவறாகக் காண்பவராகவும் ஆவார். இதற்கு மாறாக, லோட்டன் தேன்சிட்டுக்கு வழங்கும் ‘நீண்ட அலகுத் தேன்சிட்டு’ என்னும் பெயர் ஆண், பெண் இரண்டுக்கும், எல்லாப் பருவத்துக்கும், எவ்வகை ஒளிக்கும் பொருந்துகிறது.

நிலைபெற்ற பெயர்களை மாற்றுவது புதிய குழப்பத்தையே தரும். ஆயினும் பாடநூல்களும் களக் கையேடுகளும் பெயருக்கு அருகிலேயே நிலைத்த அடையாளத்தை ஒரு தொடராக இணைத்துத் தரலாம்: ஊதாப் பிட்டத் தேன்சிட்டு, ‘ஆணுக்கு மஞ்சள் வயிறு, பெண்ணுக்கு வெண்தொண்டை’, ஊதாத் தேன்சிட்டு, ‘ஆண் முழுக் கருமை, பெண்ணுக்குப் புருவக்கோடு’. பெண் பறவையின் படமும் ஆணின் படத்துக்கு இணையான அளவில் அச்சிடப்பட வேண்டும்.

இம்முயற்சியின் தேவையை மதுரை அண்மையில் கண்டது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வாழும் பறவையினங்களின் வளமும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025 ஜனவரியில் நடுவண் அரசு அதனைக் கைவிட்டது. அவ்விவாதத்தில் உயிரினப் பட்டியலும் ஒரு வாதமாக எழுந்தது. அரிய வல்லூறுகளின் பெயர்களே அப்பட்டியலில் கண்ணைக் கவரும் என்பது உண்மை. ஆனால் பட்டியலை ஐயுறுபவர், எளிய பறவைகளின் வரிசையில் உள்ள பிழையிலிருந்தே தொடங்குவார். சமவெளியில் இருக்க இயலாத ஒரு தேன்சிட்டின் பெயர் அதில் இருக்குமாயின், சரியாக எழுதப்பட்ட அரிய பறவையின் பதிவும் நம்பகம் இழக்கும்.

10. முடிவுரை

மதுரைச் சமவெளியின் மூன்று தேன்சிட்டுகளையும் வேறுபடுத்தி அறிவதற்கு அரிய கருவிகள் தேவையில்லை. அலகின் நீளம், வயிறு மற்றும் தொண்டையின் மினுக்கமற்ற நிறம், புருவக்கோடு, பருவம் ஆகியவற்றை முறையாக நோக்கினால் பெரும்பாலான பறவைகளை இனம் கூறலாம். மினுக்கம் இரசிக்கத்தக்கது, சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. பெண் பறவையைப் புறக்கணிக்கும் பதிவு, ஓர் இனத்தின் பாதியைப் புறக்கணிக்கும் பதிவாகும். அடுத்த பொங்கல் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பங்கேற்பாளரும் தேன்சிட்டின் பெயரோடு ஆணா, பெண்ணா, இடைநிலை இறகமைப்பா என்பதையும் குறித்துவைப்பாராயின், மதுரைத் தேன்சிட்டுகளின் இறகுதிர்ப்புக் காலத்தை இவ்வூர்த் தரவுகளைக் கொண்டே வரையறுக்க வழி பிறக்கும்.